கடைசியாக அணையும் அறை

மின்சார அலுவலகத்தில் அவரை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நடந்தது அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் நின்றிருப்பார்கள், கால் மாற்றி நின்றிருப்பார்கள், முன்னால் நிற்பவரிடம் ஊர்வம்பு பேசிப் பொழுதைக் கழித்திருப்பார்கள். அவரோ வேலையில் இருந்த காலமெல்லாம் அரசு விழாக்களில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரியாக இருந்தவர். யாருக்கு மெத்தை வைத்த நாற்காலி, யாருக்குத் தூணுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி என்பது அவர் பேனா முனையில் இருந்தது. தெருவில் அவருக்கு முகத்துக்கு நேரே 'ஐயா', முதுகுக்குப் பின்னால் 'முதல்வரிசை'. அப்பேர்ப்பட்டவரை முட்டைக் கடைக்காரருக்குப் பின்னால் போய் நில்லுங்கள் என்றால் தாங்குமா?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் அறிவித்தார். இனி இந்த வீட்டுக்கு அவர்களுடைய மின்சாரம் வேண்டாம். சூரியன் தருவான். சூரியன் இதுவரை யாரையும் காத்திருக்கச் சொன்னதில்லை.

சரி என்றாள் மனைவி. அந்த வீட்டில் அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இருக்கை அந்தச் 'சரி'தான். கல்யாணமான நாளிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சோலார் வேலைக்கு அவளுடைய அண்ணன் மகளையே கூப்பிட்டார். வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பதுதான் அவள் தொழில். பாசத்தால் கூப்பிட்டார் என்று நினைக்க வேண்டாம். மனைவி வீட்டுப் பெண் என்றால் எதிர்த்துப் பேசமாட்டாள் என்று ஒரு கணக்கு. கணக்கு மொட்டைமாடியிலேயே தப்பியது. பலகைகளைத் தெருவைப் பார்த்து வைக்கச் சொன்னார் அவர். சூரியன் பின்பக்கம் அல்லவா போகிறது, பாதி வெளிச்சம் வீணாகுமே என்றாள் அவள். போனால் போகட்டும் என்றார்.

"சூரியனா வந்து நம்ம வீட்டைப் பாக்கப் போகுது? பாக்கிறவங்க எல்லாம் இந்தப் பக்கம்தானே போறாங்க."

"பாக்கிறவங்க கரண்ட் குடுப்பாங்களா மாமா?"

மாமா தெருப்பக்கம் கையைக் காட்டினார். பலகைகள் தெருவைப் பார்த்தே நின்றன, ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கிற மாதிரி.

அடுத்தது பேட்டரி. அழகாக இல்லை என்று அதைக் கொல்லைப்புறச் சாமான் அறைக்குத் தள்ளினார். கொஞ்சம் பெரிதாக வாங்கலாம் என்றாள் அண்ணன் மகள். அந்தப் பணத்தில் வாசலுக்குப் பித்தளையில் ஒரு பலகை செய்து 'தன்னிறைவு இல்லம்' என்று பொறிக்கச் சொன்னார். பித்தளை பளபளத்தது. பேட்டரி சின்னதாகவே இருந்துவிட்டது.

கடைசியாக அவள் ஒரு சின்னப் பெட்டியை அந்தச் சாமான் அறைச் சுவரில் மாட்டினாள். வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஒயர் அதிலிருந்துதான் போகும். மேகம் மூடிப் பேட்டரி இறங்கினால் பெட்டி ஒவ்வொரு பகுதியாகத் தானே வெட்டிவிடும். எதை முதலில் வெட்டுவது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே, மனைவி அப்படி ஒரு மலர்ச்சியை அவர் ஓய்வு பெற்றபின் பார்த்ததே இல்லை. எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அவருடைய அறைக்கு முதல் மரியாதை. என்ன ஆனாலும் அது கடைசியாகத்தான் அணையும். அடுத்தது கூடம். அதற்கடுத்து விருந்தினர் அறை. அதில் விருந்தினர் படுத்து யுகமாகிறது, இருந்தாலும் மரபு மரபுதான். பிறகு படுக்கையறை. எல்லோருக்கும் பின்னால், முதலில் வெட்டுப்படுவதற்கு, சமையலறை.

"மாமா, ஃப்ரிட்ஜ் சமையலறை லைன்ல இருக்கு. அத்தையோட இன்சுலின் அதுலதான் இருக்கு. அதைக் கடைசியா வெட்டணும், முதல்ல இல்ல."

"பந்தல் போடுறவன் இல்லாம விழா நடக்குமா? நடக்காது. அதுக்காக அவனை மேடையில உக்கார வைப்பாங்களா?"

அண்ணன் மகள் அத்தையைப் பார்த்தாள். அத்தை தன் இருக்கையில்தான் இருந்தாள். சரி என்றாள்.

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வந்த லைனைக் கழற்றும் நாளில் நாற்காலி போட்டு, ரிப்பன் கட்டி, அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஆள் அது முடியும்வரை மேலேயே தொங்கினார், பாவம். முட்டைக் கடைக்காரரும் வந்திருந்தார். இடம் காலியாக இருக்கிறதே என்று முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

அது கொளுத்துகிற கோடை. தெருவைப் பார்த்த பலகைகளிலும் வெயில் வழிந்தது. பேட்டரி எப்போதும் நிறைந்தே இருந்தது. பெட்டிக்கு எதையும் வெட்டும் வேலை வரவில்லை. அவர் வகுத்த வரிசை பெட்டிக்குள் தூங்கியது. அது ஒருநாளாவது வேலை செய்வதைப் பார்க்காமலே, கோடை முடிகிற ஒரு பிற்பகலில், தன் அறையில், தன் சுழல் நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி அவர் போய்விட்டார். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அதிகாரி அறை என்றால் அப்படித்தானாம்.

அவருடைய தம்பி சின்னவர், அடுத்த தெருவில் இருந்தவர், அந்த விளக்கையும் விசிறியையும் யாரையும் அணைக்க விடவில்லை. அண்ணன் எப்படி வைத்துவிட்டுப் போனாரோ அப்படியே இருக்கட்டும் என்றார். துக்கத்துக்கு வந்தவர்களில் யார் எங்கே நிற்பது என்பதையும் அவரே பார்த்துக்கொண்டார். குடும்பத்தில் ஒருவர் போனால் ஒருவர் வேண்டுமே.

பிறகு மழை பிடித்தது.

வானம் சாக்கடைத் தண்ணீர் நிறத்தில் நாளெல்லாம் கிடந்தது. ஒரு சாயங்காலம் அவள் அடுப்பருகே நின்றிருந்தபோது சாமான் அறையில் டக் என்று ஒரு சத்தம். சமையலறை இருண்டது. ஃப்ரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. தட்டுத்தடுமாறிப் படுக்கையறைக்கு வந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி டக். அங்கும் இருட்டு. அதன் பிறகு விருந்தினர் அறை, பிறகு கூடம். ஒவ்வோர் அறையாக இருள் பின்னால் இருந்து அவளைத் துரத்திக்கொண்டு வந்தது. கடைசியில் வீட்டில் மிஞ்சியது ஒரே வெளிச்சம். முன்பக்கத்து அறையின் சாத்திய கதவுக்குக் கீழே, ஒரு கோடு.

உள்ளே விசிறி ஓடும் சத்தம். காற்றில் காகிதங்கள் புரளும் சத்தம், யாரோ தேடுவது போல.

ஏன் அப்படி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் முன்னால்தானே முடிவு செய்தார்கள். பேய்க்குக் காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். சொல்கிறவர்கள் காரணமே இல்லாத பேயோடு மட்டும் பழகியிருப்பார்கள் போலிருக்கிறது. ஒயர் இழுத்து, ஃப்யூஸ் போட்டு, ஒழுங்காக வேலை செய்கிற பேய் அவ்வளவு சுலபத்தில் போகாது.

மழைச் சாயங்காலங்கள் எல்லாம் அப்படியே ஆயின. சின்னவருக்கு இது பிடித்துப்போயிற்று. குடையோடு தெருவில் நின்று, போவோர் வருவோரை நிறுத்திக் காட்டினார். வீடு முழுக்க இருட்டு, ஐயாவின் சன்னலில் மட்டும் விளக்கு. அண்ணன் படித்துக்கொண்டிருக்கிறார் என்பார் தழுதழுத்த குரலில். அண்ணன் வாழ்நாளில் அழைப்பிதழ் தவிர வேறு எதையும் படித்ததில்லை. இருந்தாலும் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் என்றால் முன்னால் யார், பின்னால் யார் என்று வேண்டுமே. அதையும் சின்னவர் கவனித்தார். சாமான் அறைப் பெட்டியின் மேல் 'ஐயாவின் அமைப்பு, தொடாதீர்' என்று எழுதி ஒட்டியும் வைத்தார்.

அவளுக்குக் கால் விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. சன்னல் கம்பிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. டாக்டரிடம் போனாள். அவர் சோதனை முடிவைப் பார்த்தார், மருந்துக் குப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது கெட்டுப்போயிருக்கும்மா. சூட்டுல வச்சா இதுல ஒண்ணும் இருக்காது. நீங்க தண்ணியைக் குத்திக்கிட்டிருக்கீங்க. இப்படியே போனா முதல்ல காலு, அப்புறம் கண்ணு."

டாக்டர் போட்ட வரிசையும் நன்றாகத்தான் இருந்தது.

புது மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்றார். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. சின்னவர் கல்யாணத்தில் அவர்களை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்ததில் போன உறவு. மின்சார அலுவலகத்தில் கேட்டதற்கு, கழற்றிய லைனைத் திரும்பக் கொடுப்பதென்றால் புது விண்ணப்பம், அது மழைக்காலம் போய்த்தான் நகரும் என்றார்கள்.

சரி, விளக்கு எரிகிற அறையில் இருந்தே ஃப்ரிட்ஜுக்கு ஒயர் இழுத்துவிட்டால் என்ன என்று ஒரு சாயங்காலம் துணிந்தாள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். மேசைப் பக்கம் பார்த்திருக்க வேண்டிய நாற்காலி கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. விசிறிக் காற்றில் சுழல் நாற்காலி திரும்பத்தான் செய்யும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டே, அதன் கண்ணில் படாமல் குனிந்து போய்ப் பிளக்கைச் செருகினாள். ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமியது. அந்த அறையின் ஒயர் ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் என்று போட்ட மெல்லிய ஒயர், பாரம் தாங்காமல் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. கடைசி வெளிச்சமும் போயிற்று.

"தெரியாம பண்ணிட்டேங்க," என்றாள் இருட்டைப் பார்த்து. "இதோ சரி பண்ணிடறேன்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடிப்போய்ச் சுவிட்சைத் தூக்கிவிட்டாள். விளக்கு வந்தது. யாரிடம் பேசினோம் என்று அதன் பிறகுதான் யோசித்தாள்.

இன்னொன்றும் இருந்தது. அவர் மேசையில் ஓர் அழைப்பு மணிப் பொத்தான். அழுத்தினால் சமையலறையில் அடிக்கும். அலுவலகத்தில் பியூனைக் கூப்பிட்ட பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அதுவும் அவர் அறை ஒயரில் ஓடியதால், இருண்ட சமையலறையில் உயிரோடு இருந்த ஒரே பொருள் அந்த மணிதான். ஈரம் இறங்கியதாலோ என்னவோ, மழை வலுக்கும் போதெல்லாம் அது கிர்ர் என்று அரைக் குரலில் முனகும்.

ஒருநாள் அது முனகியது. வரேன் என்றாள். எப்போது சொன்னாள், எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெரிந்தபோது அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. கதவைத் தட்டுவதற்கு இடது கையைத் தூக்கியிருந்தாள். நடந்து வந்த பாதங்களுக்குத் தரையில் பட்ட உணர்வுகூட இல்லை.

தண்ணீரைத் தானே குடித்தாள். காலையில் அண்ணன் மகளுக்குப் போன் செய்தாள்.

அண்ணன் மகள் நனைந்துகொண்டே வந்தாள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, கையெழுத்து நல்லா இருக்கு என்று கிழித்தாள். ஒயரை இடம் மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது, கத்தரிக்காய் நறுக்குகிற நேரம்கூட ஆகாது என்றாள். பலகைகளை மட்டும் மழை விட்டபின் திருப்ப வேண்டும்.

"சொல்லுங்க அத்தை. யாரு கடைசிவரைக்கும் எரியணும்?"

அவள் வாயைத் திறந்தாள். தனக்கு என்று முதலில் ஒன்றைக் கேட்க அந்த வாய்க்குப் பழக்கமில்லை. அண்ணன் மகள் திருப்புளியோடு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"மருந்து," என்றாள் அத்தை.

"மருந்துன்னா சமையலறை. அப்புறம்?"

அப்புறம் படுக்கையறை. அப்புறம் கூடம். விருந்தினர் அறையை எங்கே வைப்பது என்று அண்ணன் மகள் கேட்டதற்கு, வராதவங்களுக்கு எங்க வச்சா என்ன என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதுதான் வாசலில் சின்னவர் குடையை மடக்கும் சத்தம் கேட்டது.

கிழிந்து கிடந்த தாளைப் பார்த்தார். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். அவர் அதட்டியிருந்தால் பரவாயில்லை, அழுதார். நிஜமாகவே அழுதார். அண்ணன் ஆண்ட வீடு, அண்ணன் வகுத்த முறை, அண்ணன் உட்கார்ந்திருக்கும் அறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் கேட்டார்.

"அண்ணி, அவர் இருக்கிற இடத்தை இருட்டாக்கப் போறீங்களா?"

"எனக்குக் கால் மரத்துப்போச்சு தம்பி."

"அவர் அங்கதான் இருக்கார். ஊரே பாக்குது."

"இருக்கார்னா எழுந்து வரட்டும். சமையலறை என்ன வேற ஊர்லயா இருக்கு? நான் எத்தனை வருஷம் இங்கேருந்து அங்க நடந்திருக்கேன். ஒரு நாளாவது அவர் அங்கேருந்து இங்க வரட்டும்."

சின்னவர் அவளை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். நாளைக்கு வந்து பேசுகிறேன் என்று குடையை விரித்தார். வீட்டுக்குள்ளேயே விரித்துவிட்டதைக் கவனிக்கவில்லை. வாசல் நிலையில் இடித்துக்கொண்டு போனார்.

"மாமா ரூம் லைனை மொத்தமா எடுத்துடவா?" என்றாள் அண்ணன் மகள்.

அத்தை அந்த அறைப் பக்கம் பார்த்தாள். "வேணாம். கடைசியில ஒரு இடம் இருக்கும்ல. அதுல இருக்கட்டும். கரண்ட் இருக்கிறவரைக்கும் எரியட்டும், குறைஞ்சா முதல்ல போகட்டும். வந்தவங்களை வெளிய அனுப்பக் கூடாது."

புது மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அண்ணன் மகள் கிளம்பினாள். அன்றைக்கு மேகம் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே வீடு மங்கியது. அவள் சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தச் சமையலறையில் ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. ஒருவர்தான் எப்போதும் அங்கே இருந்தார் என்பதால்.

டக்.

முன்பக்கத்தில் விசிறி தளரும் சத்தம் கேட்டது. இலைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் யோசித்து யோசித்து நின்றன. காகிதங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை.

அந்த அமைதியில் சுழல் நாற்காலி கிறீச்சிட்டுத் திரும்பியது.

காற்று நின்ற பிறகு நாற்காலி திரும்புவதற்கு அண்ணன் மகள் எந்தக் காரணமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

டக். விருந்தினர் அறை. சற்றுப் பொறுத்து, டக். கூடம். இத்தனை நாள் இருட்டு இங்கிருந்து கிளம்பி அந்த அறையை நோக்கிப் போயிற்று. இன்று அங்கிருந்து கிளம்பி இங்கே வருகிறது என்பது அவளுக்கு உறைத்தது, அவர் நடையின் வேகத்தில், ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று. கதவுக்குக் கீழே கோடு தெரிந்த நாட்களில் அவர் எங்கே இருக்கிறார் என்பதாவது நிச்சயமாக இருந்தது. அவள்தான் கூப்பிட்டாள். சின்னவர் சாட்சி.

டக். படுக்கையறை.

இப்போது வெளிச்சம் இருந்தது சமையலறையில் மட்டும். முதுகுக்குப் பின்னால் வாசல் இருந்தது. அவள் திரும்பவில்லை. அந்த வாசலை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. எது எங்கே இருக்கிறது, எங்கே கால் வைப்பது, எங்கே உட்காருவது, ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு வந்த மனிதரிடமிருந்து வருமே ஒரு தயக்கம், அது குளிர் மாதிரி அவள் கழுத்தில் பட்டது.

உடம்பு பழக்கத்தில் எழுந்தது. பாதி எழுந்துவிட்டாள். ஸ்டூலை விட்டுக் கொடுக்கத்தான்.

அந்தச் சமயம் ஃப்ரிட்ஜ் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. திடமான, சாதாரணமான சத்தம். அவள் எழுந்தது எழுந்தபடி அதைத் திறந்து குப்பியை எடுத்தாள். உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. அதைச் சிறிது நேரம் மூடிப் பிடித்திருந்தாள். பிறகு திரும்ப வந்து ஸ்டூலில் நன்றாக உட்கார்ந்து, விளக்குக்கு நேரே குப்பியைத் தூக்கி, ஊசியில் மருந்தை இழுத்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள் திரும்பாமல். "ஊசி போட்டுக்கறேன்."

அவர் நின்றுகொண்டிருந்தார்.